நோ டியூஸ் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் சிண்டிகேட் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நல டீன் பொறுப்புக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரே ஐந்து பேர். என் கோப்பைப் புரட்டிய ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: “ஏன் மேடம், கெமிஸ்ட்ரி நல்லா நடத்துறீங்கன்னு சொல்றாங்க, பேப்பர் எல்லாம் இருக்கு. இதுக்குப் போய் எதுக்கு அப்ளை பண்ணீங்க?” பக்கத்தில் இருந்தவர் சிரித்தபடி, “ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், தெரியும்ல?” என்றார். தெரியும் என்றேன். பதினான்கு வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

முதல் கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. “ஸ்டூடண்ட்ஸுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை, சார்” என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பதவி வேறொருவருக்குப் போனது. வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை அரித்தது அந்தக் கேள்விதான். துறைத் தலைவர் பதவிக்கோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதவிக்கோ போயிருந்தால் ‘இதுக்குப் போய் எதுக்கு’ என்று யாராவது கேட்டிருப்பார்களா?

அங்கே சொல்ல வராத பதிலை இங்கே எழுதுகிறேன். வெறும் பதில் என்றால் டைரியில் எழுதி மூடியிருப்பேன். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கவும் இருக்கிறது.

முதலில் ஓர் ஒப்புதல். நான் இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. தலையில் கட்டினார்கள். 2011-இல் துறையில் நான்தான் கடைசியாகச் சேர்ந்தவள். வளாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆணை வந்தது. தற்போதைய பணிகளோடு கூடுதலாக, மறு உத்தரவு வரும் வரை, மகளிர் விடுதித் துணைக் காப்பாளர். அந்த மறு உத்தரவு இன்னும் வரவில்லை.

நம்மிடம் மாணவர் நலம் என்பது வேலைக்கு மேல் ஏற்றும் சுமை. யார் இளையவரோ, யாருக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதோ, அவரிடம் போய்ச் சேரும். ஒரு கட்டத்தில் நான் துணைக் காப்பாளர், என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர், ராகிங் தடுப்புக் குழு உறுப்பினர், உதவித்தொகை ஒருங்கிணைப்பாளர். அதோடு வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு. “மேடம், உங்க போர்டுல இனி எழுத இடமில்லை” என்று அலுவலக உதவியாளர் கிண்டல் செய்வார். இதற்கெல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்துச் சொச்சம் கௌரவ ஊதியம். என் போன் பில்லையும் ஆட்டோ செலவையும் கழித்தால் கௌரவம் மட்டும்தான் மிஞ்சும்.

ஆக, ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்பதில் பொருள் இல்லை. வந்ததை ஏன் விடவில்லை என்று கேட்கலாம். என்னோடு பொறுப்பேற்ற நான்கு பேரும் மூன்றாண்டில் கழற்றிக்கொண்டார்கள். நானும் இரண்டு முறை விலகல் கடிதம் எழுதினேன். இரண்டு முறையும் கொடுக்கவில்லை.

1994-இல் நான் பி.எஸ்சி. முதலாண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விடுதியில் டிவைடிங் மெஸ். மாதச் செலவை ஆள்கணக்கில் வகுத்து ஐந்தாம் தேதி பில் போடுவார்கள். பில் கட்டாதவர்களின் பெயர்களை ஒரு தாளில் டைப் அடித்துச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவிலேயே ஒட்டுவார்கள். அக்டோபர் மாதத்துத் தாளில் மூன்றாவது பெயர் என்னுடையது. பாக்கி வைத்தவள் சாப்பிடக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போக என்னால் முடியவில்லை. மூன்று நாள் பன்னும் டீயுமாக ஓட்டினேன்.

மேட்ரன் அக்கா கவனித்துவிட்டார். அவர் எனக்குச் சோறு போடவில்லை, அறிவுரை சொல்லவில்லை. கையைப் பிடித்து நேரே அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், ஸ்காலர்ஷிப் பிரிவில் இருந்த ஒரு கிளார்க் முன்னால் நிறுத்தினார். அவர் தலையைத் தூக்காமலே மூன்று கேள்வி கேட்டார். அப்பாவுக்கு என்ன வேலை? பி.சி.யா, எம்.பி.சி.யா? பாரம் கொடுத்தியா? அப்படி ஒரு பாரம் இருப்பதே எனக்குத் தெரியாது. கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. “லிஸ்ட் இன்னும் அனுப்பல. நாளை மறுநாள் மத்தியானத்துக்குள்ள வருமானச் சான்றிதழ் வந்துடணும்” என்றார். ஊருக்குப் போன் போட்டு, பக்கத்துக் கடைக்காரர் மூலம் சொல்லியனுப்பி, அப்பா தாலுகா ஆபீஸில் ஒரு நாள் முழுக்க நின்று, ராத்திரி பஸ் ஏறிக் காலையில் சான்றிதழோடு வந்து நின்றார்.

அந்த கிளார்க்கின் பெயர் எனக்குத் தெரியாது. செக்‌ஷன் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அன்று கோப்பை அனுப்பியிருந்தால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன்.

இதை நன்றிக்கடன் கதையாகச் சொல்லி முடித்துவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்குள் இருந்தது நன்றியைவிடக் கோபம். என் படிப்பு என் மார்க்கில் நிற்கவில்லை, ஒருவர் கோப்பை இரண்டு நாள் தாமதமாகக் கட்டியதில் நின்றது என்பதை என்னால் மறக்கவே முடியவில்லை. 2011-இல் துணைக் காப்பாளராக முதல் நாள் விடுதிக்குள் போனபோது, சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் அதே மாதிரி ஒரு தாள். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் பிரிண்ட் வந்திருந்தது, அவ்வளவுதான். கிழித்துவிட்டு, பாக்கி விவரத்தை ஒவ்வொருவருக்கும் உறையில் போட்டுக் கொடுத்தேன். வசூல் படுத்துவிடும் என்று தலைமைக் காப்பாளர் சத்தம் போட்டார். படுக்கவில்லை. கூடவும் இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தது.

நான் விலகாததற்கு அந்தத் தாள் ஒரு காரணம். எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் இந்தப் பொறுப்பை விரும்பிக் கேட்டு வாங்கிய பலரைப் பார்த்திருக்கிறேன். வளாகத்துக்குள் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று வந்தவர் உண்டு. ஆராய்ச்சி ஓடவில்லை, கேட்டால் ‘விடுதி வேலை’ என்று காட்டிக்கொள்ளலாம் என்று வந்தவர் உண்டு. அவர்களில் சிலர் நன்றாகவே வேலை பார்த்தார்கள். குவார்ட்டர்ஸுக்காக வந்த ஒருவர் டெங்கு பரவிய மாதத்தில் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. எனக்குப் பயம் இன்னொரு வகை ஆட்களிடம்தான். கேட் சாவி கையில் இருப்பதன் சுகத்துக்காக வருகிறவர்கள். ஆறரைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பெண்ணை அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்து, அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, ‘எங்க போயிட்டு வந்தான்னு நீங்களே கேளுங்க’ என்று சொல்கிறவர்கள். இவர்கள் தானாக வந்து கேட்பார்கள், வருடக்கணக்காக விலகவும் மாட்டார்கள். விருப்பம் மட்டும் போதாது, ஏன் விரும்புகிறார்கள் என்று யாராவது உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வகையில், அன்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். தொனிதான் வேறு.

ராத்திரி இரண்டு மணிப் போனுக்கு வருகிறேன். பத்து அழைப்பில் ஏழு காய்ச்சல், வயிற்றுவலி, வீசிங். ஒன்று பாம்பு, குளியலறைக்குள் வந்த சாரைப்பாம்பை நல்லபாம்பு என்று நூற்றெண்பது பெண்கள் சத்தியம் செய்வார்கள். மீதி இரண்டுதான் ஆளைத் தூங்க விடாதவை. அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பதில் பேசாத பெண். வீட்டிலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி. அந்த நேரத்தில் என்ன பேச வேண்டும், எதைப் பேசவே கூடாது என்று எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆய்வகத்தில் எந்த அமிலத்தை எதில் ஊற்றக் கூடாது என்று மூன்று வருடம் பாடம் நடத்துகிறோம். இதற்கு ஒரு அரை நாள் பயிற்சிகூடக் கிடையாது.

பகல் வேலையிலும் நுட்பம் இருக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. ஓர் உதாரணம். உதவித்தொகைகள் இப்போது நேரே மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகின்றன. போர்ட்டலில் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்று காட்டும். பெண் ‘வரவே இல்லை மேடம்’ என்று அழுவாள். இருவரும் சொல்வது உண்மை. பணம் எந்தக் கணக்கில் கடைசியாக ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போகும். கல்லூரியில் கொடுத்த கணக்கு ஒன்று. நடுவில் வேறு ஏதோ தேவைக்கு வேறொரு பேங்கில் தொடங்கி ஆதாரை இணைத்து, பிறகு மறந்தே போன கணக்கு இன்னொன்று. அது முடங்கிக் கிடக்கும். “எந்த பேங்க்ல ஆதார் சீடிங் ஆகியிருக்கும்மா?” என்று கேட்கத் தெரிந்த ஒரு ஆள் செக்‌ஷனில் இருந்தால் ஒரு வாரத்தில் தீரும். இல்லாவிட்டால் அந்தப் பெண் செமஸ்டர் கட்டணம் கட்ட முடியாமல், ஹால் டிக்கெட் கிடைக்காமல், அரியர் விழுந்து, மூன்றாம் வருடத்தில் ‘படிப்பு ஏறல’ என்று பெயர் வாங்கிக்கொண்டு போவாள். எங்கள் செக்‌ஷனில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒரு தொகுப்பூதியப் பணியாளர். போன வருடம் அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

பெற்றோரைச் சமாளிப்பது தனிக் கலை. ஒரு பிப்ரவரி மாதம் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார். “பொண்ணு பாக்க வர்றாங்க, ரெண்டு நாள் அனுப்புங்க.” அவர் பின்னால் நின்ற பெண் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பெற்ற அப்பா கேட்கும்போது அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. “ப்ராக்டிகல் ரெக்கார்டில் கையெழுத்து வாங்காம போனா ஹால் டிக்கெட் நிக்கும், திங்கட்கிழமை கூட்டிட்டுப் போங்கண்ணா” என்றேன். பாதிப் பொய். ஆராய்ச்சிக் கட்டுரையில் இப்படிச் செய்திருந்தால் என் வேலை போயிருக்கும். அந்த மூன்று நாளில் அம்மாவிடம் பேசினேன், மாமாவிடம் பேசினேன். கல்யாணம் பரீட்சைக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. டிகிரி முடித்தாள், ஜூன் மாதம் கல்யாணமும் நடந்தது. அது அவள் விரும்பிய கல்யாணம்தானா என்று நான் கேட்கவில்லை. அதுவரைக்கும் போவது என் வேலையா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த மாதிரி ஒரு சந்தேகத்தோடு போய் உட்கார்ந்து பேச எனக்கு மேலே ஒரு ஆள் இல்லை என்பதுதான் குறை.

இப்போது என் தவறு ஒன்று. படிப்பை நிறுத்திவிட்டு டி.சி. வாங்கப் போகிறவர் ‘நோ டியூஸ்’ படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். உங்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒன்று இருக்கும். எங்களுடையதில் ஒன்பது கட்டங்கள். நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை, என்.எஸ்.எஸ்., விடுதி, மெஸ், கணக்குப் பிரிவு, துறைத் தலைவர், தேர்வுப் பிரிவு. ஒவ்வொருவரும் ‘நமக்கு இவர் பாக்கி இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். சில வருடங்களுக்கு முன் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். விடுதிப் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை, கையெழுத்துப் போட்டேன். முப்பது வினாடி.

எட்டு மாதம் கழித்து ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போட்டவள் அவள்தான். “மேடம்!” என்று சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கை முறிந்து ஆறு மாதம் வேலையில்லை, அதனால் நின்றுவிட்டாளாம். “யாராவது கேட்டிருந்தா ஒரு செமஸ்டர் லீவு மாதிரி கிடைக்குமான்னு கேட்டிருப்பேன் மேடம்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். இடைநிறுத்தி மறுசேர்க்கை வாங்க விதி இருக்கிறது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒன்பது பேரும் அவள் நமக்கு ஏதாவது தர வேண்டுமா என்று பார்த்தோம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். உங்களிடம் பேசும்போது அதுதான் எடுபடும்.

1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து, உச்ச நீதிமன்ற ஆணையின்பேரில் சி.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ராகிங் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது உறுதிமொழிப் படிவம், ஹெல்ப்லைன் எண், நுழைவாயிலில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. அந்த விதிமுறைகளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு விடுதிக்கும் முழுநேரக் காப்பாளர் ஒருவர் வேண்டும். அவரைத் தகுதி பார்த்து நியமிக்க வேண்டும். ஒழுங்கைக் காக்கும் திறனோடு, வகுப்பறைக்கு வெளியே இளைஞர்களிடம் பேசி ஆற்றுப்படுத்தும் திறனும் அந்தத் தகுதியில் சேர வேண்டும். அவர் விடுதியிலோ மிக அருகிலோ குடியிருக்க வேண்டும். முழுநேரம் என்ற சொல்லை எத்தனை பேர் படித்தோம்? ‘மறு உத்தரவு வரும் வரை கூடுதலாக’ என்று ஆணை அடிப்பவர்கள் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிமுறைப்படி பதவி உயர்வுக்கு மதிப்பிடும்போது வார்டன் பொறுப்பும் ஒரு செயல்பாடாகக் கணக்கில் வரும். அதே பட்டியலில் ஆண்டுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிடுவதும் ஒரு செயல்பாடு. இரண்டுக்கும் ஒரே ஒரு டிக். ஒரு வருடம் முழுக்க முந்நூறு பெண்களின் காய்ச்சலையும் கண்ணீரையும் பார்ப்பதும், மூன்றாவது ஆசிரியராகப் பெயர் சேர்த்த ஒரு கட்டுரையும் ஒன்று. என் இளைய சகாக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

2025-இல் இரண்டு செய்தி வந்தது. மார்ச்சில், உயர்கல்வி நிறுவனங்களில் நடக்கும் மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஜூலையில் இன்னொரு தீர்ப்பில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நம்மில் பலர் இதற்கு என்ன செய்வோம் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது. வாரம் இரண்டு நாள், மணிக்கணக்கில் சம்பளம், ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு அறை, வாசலில் பளிச்சென்று ஆலோசனை மையம் என்று போர்டு. அந்த அறை பிரின்சிபால் அறைக்கு எதிரே இருந்தால் ஒரு பிள்ளை கூட உள்ளே போகாது. இந்தத் தகவலுக்கு ஆய்வு தேவையில்லை, கேண்டீன் மாஸ்டரைக் கேட்டாலே சொல்வார்.

தமிழ்நாட்டில் 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள் என்கிறது 2021-22 கணக்கெடுப்பு. நாட்டின் சராசரி 28-ஐ ஒட்டி நிற்கிறது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு, 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன். இதெல்லாம் சேர்த்து உள்ளே கொண்டுவந்த பிள்ளைகளில் நிறையப் பேர் வீட்டில், ‘கண்டோனேஷன்’ (வருகைக் குறைவுக்கு வாங்கும் விலக்கு) என்றால் என்ன, ‘அரியர்’ என்றால் என்ன என்று சொல்ல ஆள் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற கணக்கிலிருந்து வீட்டுக்கு ஐந்நூறு அனுப்புகிற பெண்களை எனக்குத் தெரியும். உள்ளே வருவதற்கு அரசு வழி செய்துவிட்டது. உள்ளே வந்தபின் கூடவே நடக்க ஒரு ஆளை வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கப் போய், செலவுக்காக மாணவர் விடுதியின் முன்மேசையில் பகுதிநேர வேலை பார்த்தாள். ஒருநாள் போனில், “மேடம், நீங்க பாக்குற வேலைக்கு இங்க டிகிரியே இருக்கு தெரியுமா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தேடிப் படித்தேன். அவர்களும் நம்மைப் போல ஒரு பேராசிரியர் தலையில் கட்டித்தான் தொடங்கியிருக்கிறார்கள். 1890களின் தொடக்கத்தில் ஹார்வர்டு கல்லூரியில், மாணவர்களைக் கவனிக்கும் டீனாக அமர்ந்த பிரிக்ஸ் ஆங்கிலம் நடத்தியவர். 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது மாணவியரைக் கவனிக்கும் பொறுப்பில் சேர்ந்த மரியன் டால்பட், பிறகு அங்கே மகளிர் டீன் ஆனார். 1903-இல் மற்ற கல்லூரிகளில் தன்னைப் போலத் தனியாகக் கிடந்த மகளிர் டீன்களையெல்லாம் சிகாகோவுக்கு அழைத்துக் கூட்டம் போட்டார். எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் பொறாமை. 1937-இல் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவரை அறிவாக மட்டும் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு இது அங்கே முதுகலைப் படிப்புள்ள ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அங்கேயும் சம்பளம் போதவில்லை, வேலைப்பளுவில் ஆட்கள் ஓடுகிறார்கள் என்ற புலம்பல் உண்டு. அப்படியே தூக்கி இங்கே நடச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, ‘நான் இந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன்’ என்று சொல்ல அங்கே ஒரு வழி இருக்கிறது. என்னிடம் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பெண்கள் வந்து, “மேடம், உங்களை மாதிரி வேலைக்கு எப்படி வர்றது?” என்று கேட்கிறார்கள். ‘கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. வாங்கு, நெட் எழுது, உதவிப் பேராசிரியராகச் சேர், யாராவது தலையில் கட்டும்வரை காத்திரு’ என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வழியில்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். மாணவர் நலத்துக்கு ஒரு பணித்தொகுதி உருவாக்குங்கள். முழுநேரக் காப்பாளர் பதவிகள், அதற்கு ஊதிய நிலை, அதற்கு மேலே ஏற ஒரு படி. சமூகப் பணி, உளவியல் படித்தவர்களும் அதில் வரட்டும். ஆசிரியர்களில் விருப்பமுள்ளவர்களும் பதவி உயர்வை இழக்காமல் மாறி வரட்டும். நிதி இல்லை என்பீர்கள். உண்மைதான், ஓய்வூதியம் கொடுக்கவே சில பல்கலைக்கழகங்கள் திணறுவது எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் ஒரு விடுதியில், ஒரு பதவியில் தொடங்குங்கள். ஆலோசகரை மணிக்கணக்கில் வைக்காதீர்கள். முகம் மாறிக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். மேட்ரன், கேர்டேக்கர், செக்‌ஷன் ஊழியர் இவர்களையும் இந்தத் தொகுதிக்குள் எண்ணுங்கள். பயிற்சி கொடுக்கும்போது அவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்து டீ எடுத்து வரச் சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிட வரவில்லை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். ஆள் எடுக்கும்போது, எல்லாரிடமும் ‘இதற்கு ஏன் வந்தீர்கள்’ என்று கேளுங்கள். பதில் தடுமாறி வந்தால் தள்ளிவிடாதீர்கள். ‘ஒழுக்கத்தை நிலைநாட்ட’ என்று தயங்காமல் பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

இதெல்லாம் சிண்டிகேட்டில் வைத்து, அரசுக்கு அனுப்பி, நிதித்துறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பி நடக்க வருடங்கள் ஆகும் என்று தெரியும். அதுவரைக்கும் செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. நோ டியூஸ் படிவத்தில் பத்தாவதாக ஒரு கட்டம் போடுங்கள். அதில் கையெழுத்திடுகிறவர், போகிற பிள்ளையைப் பத்து நிமிடம் உட்கார வைத்து ஏன் போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். மறுசேர்க்கை விதியைச் சொல்லியிருக்க வேண்டும். மற்ற ஒன்பது கையெழுத்துக்கும் முன்னால் அது வர வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

படிவங்களை அச்சுக்கு அனுப்புவது மே மாதம். அதற்குள் முடிவு தெரிந்தால், பழைய கட்டுகளை மறுபடி அடிக்காமல் நிறுத்தி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு துணை விடுதிக் காப்பாளர் (கூடுதல் பொறுப்பு)